டாங்கிகளை மறித்த தையற்காரர் மகன்

பட்டாளத்தில் குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் என்றால் சாமான் கிடங்குக்காரர் என்று பொருள். பூட்ஸ், கம்பளி, கூடாரத் துணி, கோதுமை மாவு, தோட்டாப் பெட்டி என்று எது வந்தது, எது போனது, யாரிடம் எத்தனை இருக்கிறது என்று கணக்கு வைப்பது அவர் உத்தியோகம். சண்டை நடக்கும்போது அவர் இருக்கவேண்டிய இடம் முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால்தான்.

1965-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி காலை, பஞ்சாபில் சீமா என்ற கிராமத்துக்கு முன்னால் ஒரு திறந்த ஜீப் வண்டி வயல்களுக்கு இடையே ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்த பீரங்கி பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுத்தியது. அந்தப் பீரங்கியை இயக்கியவர் ஒரு கிடங்கு ஹவில்தார். பெயர் அப்துல் ஹமீது. வயது 32. அன்றைக்கே அவர் உயிர் போய்விட்டது.

பிற்காலத்தில் அவருக்குத் தபால் தலை வந்தது. பாடப் புத்தகங்களில் இடம் கிடைத்தது. டெலிவிஷன் தொடரிலே பேர்பெற்ற நடிகர் நஸீருதீன் ஷா அவராக வேடம் பூண்டார். ஆனால் கிடங்கில் இருக்கவேண்டியவர் பீரங்கி முனைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது பல இடங்களில் விட்டுப்போகிற விஷயம். அவர் வாழ்க்கையின் சாரமே அதில்தான் இருக்கிறது.

தையல் வீடு

உத்தரப் பிரதேசத்தின் கிழக்குக் கோடியில், காசிக்குக் கீழே கங்கைக் கரையில் இருக்கிறது காசீப்பூர். பன்னீருக்கும் அபினித் தொழிற்சாலைக்கும் பேர்போன ஊர். திப்பு சுல்தானோடு போரிட்ட கார்ன்வாலிஸ் பிரபு 1805-ல் இறந்து அடக்கமானதும் இங்கேதான். இந்த ஜில்லாவுக்கு வேறொரு பெருமையும் உண்டு. பட்டாளத்துக்கு ஆள் கொடுக்கும் மண் இது. ஜில்லாவிலுள்ள கஹ்மர் என்ற பெரிய கிராமத்தில், ராணுவத்தில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

தாமூப்பூர் அந்த அளவுக்குப் பேர் பெற்ற ஊர் அல்ல. சின்ன கிராமம். அங்கே முகம்மது உஸ்மான் என்பவர் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றி வந்தார். மனைவி சகீனா பேகம். அவர்களுக்கு 1933-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி பிறந்தவர்தான் ஹமீது. வீட்டுத் தொழிலில் பையனும் அப்பாவுக்குக் கை கொடுத்தான். படிப்பைவிட மற்போரிலும் நீச்சலிலும் கம்பு சுற்றுவதிலும்தான் அவனுக்கு மனம் போயிற்று என்று ஊரார் சொல்வார்கள். வீரர்களின் இளமையைப் பற்றி ஊரார் சொல்வதில் பாதியைப் பிற்காலப் பெருமை சேர்த்துவிடுவது வழக்கம். ஆனால் தையல் வேலை நிச்சயமான உண்மை. கண்ணால் அளவெடுக்கிற பழக்கம் அந்தத் தொழிலில் உட்கார்ந்தவர்களுக்குத் தானாகவே வந்துவிடும்.

ஹமீது ஊசியைக் கீழே வைத்தது 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி. அன்று காசியில் பட்டாளத்தில் சேர்ந்தார். வயது 21. ராஜஸ்தானத்தில் நசீராபாத் என்ற ஊரில் கிரனேடியர் படையினரின் பயிற்சி முகாம் அப்போது இருந்தது. அங்கே பயிற்சி முடித்து, மறு வருஷம் 4-வது கிரனேடியர் பட்டாலியனுக்கு அனுப்பப்பட்டார். இறக்கும்வரை அதே பட்டாலியன்தான். ஆக்ரா, அமிர்தசரஸ், காஷ்மீரம், டில்லி என்று அது போன இடமெல்லாம் அவரும் போனார்.

உதையாத பீரங்கி

முதலில் சாதாரணச் சிப்பாயாகத் துப்பாக்கி தூக்கியவரைப் பிறகு பீரங்கிப் பிரிவில் போட்டார்கள். அங்கே அவர் கையில் வந்தது 106 மில்லி மீட்டர் ரீகாயில்லெஸ் பீரங்கி. இந்த ஆயுதத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளாவிட்டால் ஹமீதின் கடைசி நாள் விளங்காது.

துப்பாக்கியோ பீரங்கியோ, சுட்டால் பின்னால் உதைக்கும். பெரிய பீரங்கியின் உதையைத் தாங்கக் கனத்த இரும்புச் சட்டமும் சக்கரமும் வேண்டும். அதை ஜீப்பில் ஏற்றமுடியாது. இந்த 106 பீரங்கியில் ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். குண்டு முன்னால் பாயும்போதே மருந்தின் புகையும் நெருப்பும் பின்பக்கத் துவாரங்கள் வழியாக வெளியேறிவிடும். இரண்டும் சரிக்குச் சரியாகி, பீரங்கி உதைக்காமல் நிற்கும். அதனால் பதினோரு அடி நீளமுள்ள அந்தக் குழாயைச் சுமார் 200 கிலோ எடையில் செய்து ஜீப்பின் முதுகில் பொருத்திவிடலாம். அதன் குண்டு டாங்கியின் இரும்புத் தோலைத் துளைக்கும். (அளவு உண்மையில் 105 மில்லி மீட்டர்தான். முந்தைய மாதிரியின் குண்டுகளோடு கலந்து போகாமலிருக்க 106 என்று பெயர் வைத்தார்கள்.)

குழாயின் மேலேயே ஒரு சின்னத் துப்பாக்கி இணைந்திருக்கும். முதலில் அதைச் சுடவேண்டும். அந்த ரவை இலக்கில் பட்டுப் புகைந்தால் குறி சரி. உடனே பெரிய குண்டை விடவேண்டும். இலக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய நிதானமான கண்ணும் கையும் தேவை.

இவ்வளவு வசதிக்கும் ஒரு விலை உண்டு. பின்னால் சீறுகிற நெருப்பும் அது கிளப்புகிற புழுதியும் வெகுதூரத்துக்குத் தெரியும். ஒரு முறை சுட்டால் பீரங்கி தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஜீப்புக்கோ கவசம் கிடையாது. ஆகவே சுட்ட மறுகணம் இடத்தை மாற்றவேண்டும் என்பதுதான் முதல் பாடம். சுடு, ஓடு, மறை, மறுபடி சுடு. இந்தப் பாடத்தை ஹமீது ஐந்து வருஷம் படித்தார். பட்டாலியனில் 106 பீரங்கியைக் குறி தவறாமல் சுடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்ற பெயர் ஏற்பட்டது.

பிறகு பதவி உயர்வு வந்தது. கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் ஆனார். பீரங்கியை விட்டுக் கிடங்குக்குப் போனார். குடும்பஸ்தருக்கு அது நல்ல உத்தியோகம்தான்.

இதற்கிடையே 1962 வந்தது. 4-வது கிரனேடியர், பிரிகேடியர் ஜான் தால்வியின் 7-வது பிரிகேடில் சேர்ந்து, இமயத்தில் நம்கா சூ என்ற ஓடைக்கரையில் நின்றது. குளிருக்குத் தக்க உடை இல்லை, தோட்டா போதவில்லை, எதிரி மேட்டில், நம்மவர் பள்ளத்தில். அக்டோபர் 20-ந் தேதி விடியற்காலையில் சீனப் படை தாக்கியபோது அந்தப் பிரிகேடே சிதறியது. தால்வி சிறைப்பட்டார். வளைக்கப்பட்ட கிரனேடியர்கள் பூடான் மலைகள் வழியாகக் கால்நடையாக அஸ்ஸாமில் மிசாமாரிக்கு வந்து சேர்ந்தார்கள். சாமான் போய்ச் சேராவிட்டால் சிப்பாய் என்ன ஆவான் என்பதை அந்தப் பட்டாலியனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லீவு முடிந்த நாள்

1965-ல் ஹமீது லீவில் ஊருக்கு வந்திருந்தார். மனைவி ரசூலன் பீவி, நான்கு ஆண் குழந்தைகள், ஒரு பெண் என்று வீடு நிறைந்திருந்தது. எல்லையில் நிலைமை கெட்டுக்கொண்டிருந்தது. ஏப்ரலில் கட்ச் உவர்நிலத்தில் மோதல். ஆகஸ்டில் காஷ்மீரத்துக்குள் ஆயுதக்காரர்களின் ஊடுருவல். லீவில் போனவர்களைத் திரும்ப வரச் சொல்லிக் கட்டளை வந்தது.

அவர் புறப்பட்ட நாளைப் பற்றி வீட்டார் பின்னாளில் சொன்ன ஒரு செய்தி உண்டு. படுக்கையை இறுக்கிக் கட்டும்போது வார் அறுந்து, சாமான் எல்லாம் தரையில் சிதறியது. சகுனம் நன்றாக இல்லை, இன்று போகவேண்டாம் என்று ரசூலன் பீவி தடுத்தார். ஹமீது கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சைக்கிளும் பழுதாயிற்று. அப்படியும் அவர் திரும்பவில்லை. சகுனத்தில் நம்பிக்கை இருப்பவர்களும் இல்லாதவர்களும் இதை அவரவர் போக்கில் எடுத்துக்கொள்ளலாம். ரசூலன் பீவியைப் பொறுத்தவரை கணவரோடு கழித்த கடைசி நாள் அது.

செப்டம்பர் முதல் தேதி பாகிஸ்தான் சம்ப் பகுதியில் டாங்கிகளோடு தாக்கியது. அதற்குப் பதிலடியாக 6-ந் தேதி இந்தியப் படை பஞ்சாப் எல்லையைக் கடந்து லாகூரை நோக்கிச் சென்றது. கேம்கரண் பக்கம் போனது 4-வது மலை டிவிஷன். முதல் நாளே அதற்குப் பலமான அடி விழுந்தது. சில பட்டாலியன்கள் நிலைகுலைந்து பின்வாங்கின. எஞ்சியவற்றைக் கொண்டு, டிவிஷன் தளபதி குர்பக்ஷ் சிங், கேம்கரணுக்குப் பின்னால் அசல் உத்தர் என்ற கிராமத்தைச் சுற்றிக் குதிரை லாடம் போன்ற வளைவில் படையை நிறுத்தினார். அந்த ஊர்ப் பெயருக்குச் சரியான பதில் என்று பொருள் சொல்வார்கள். கிராமத்துக்கு அந்தப் பெயர் முன்பே இருந்தது என்பதுதான் வேடிக்கை.

எதிரே வந்தது பாகிஸ்தானின் முதலாவது கவச டிவிஷன். அமெரிக்கா கொடுத்த பாட்டன் டாங்கிகள் அதன் பலம். ஒவ்வொன்றும் சுமார் 45 டன். கேம்கரணைத் தாண்டி பியாஸ் நதிப் பாலத்தைப் பிடித்துவிட்டால் அமிர்தசரஸ் துண்டிக்கப்படும். டில்லி நெடுஞ்சாலை திறந்துவிடும். இந்த அபாயத்தைக் கண்டு பியாஸுக்குப் பின்னால் வந்துவிடலாம் என்று தலைமைத் தளபதி சௌத்ரி யோசனை சொன்னதாகவும், தாம் மறுத்துவிட்டதாகவும் மேற்குப் பிராந்தியத் தளபதி ஹர்பக்ஷ் சிங் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அசல் உத்தரை அடுத்து, பிக்கிவிண்டு போகும் சாலைக்குக் குறுக்கே, சீமா கிராமத்தின் முன்னால் 4-வது கிரனேடியர் நின்றது. 7-ந் தேதி இரவெல்லாம் அவர்கள் குழி தோண்டினார்கள். டாங்கியை எதிர்க்க அவர்கள் கையில் இருந்தது ஜீப்பில் ஏற்றிய 106 பீரங்கிகள்தான். அந்தப் பிரிவுக்குத் தலைமை தாங்கவேண்டியவர் அப்போது பட்டாலியனில் இல்லை. தளபதி கிடங்கிலிருந்து ஹமீதை அழைத்தார். ஹவில்தார் கணக்குப் புத்தகத்தை விட்டுப் பழைய பீரங்கிக்குத் திரும்பினார்.

கரும்புக்கும் பருத்திக்கும் நடுவே

செப்டம்பரில் அந்தப் பூமியில் கரும்பும் பருத்தியும் ஆள் உயரத்துக்கு நிற்கும். பாட்டன் டாங்கி உயரமானது. அது வருவது பயிருக்கு மேலே தெரியும். பயிருக்குள் பதுங்கிய ஜீப் அதற்குத் தெரியாது. 8-ந் தேதி டாங்கிகள் வந்தபோது, முன்னால் வந்ததை மிக அருகில் வரும்வரை காத்திருந்து ஹமீது அடித்தார் என்றும், அது பற்றி எரிந்ததும் பின்னால் வந்தவற்றிலிருந்தவர்கள் டாங்கியை விட்டு ஓடினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. தூரத்திலேயே சுட்டால் குறி தப்பலாம்; தப்பினால் இருப்பிடம் தெரிந்துபோகும். அருகே வரவிட்டுச் சுடுவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். 9-ந் தேதியும் சண்டை ஓயவில்லை. வானிலிருந்து விமானங்களும் தாக்கின. இதற்குள் பொறியாளர் படை கண்ணிவெடிகளைப் புதைத்துவிட்டது. கால்வாய்க் கரைகளை உடைத்துத் தண்ணீரையும் வயல்களில் பாய்ச்சினார்கள். காய்ந்த தரையில் ஓடவேண்டிய பாட்டன்கள் சேற்றில் தடுமாறின.

10-ந் தேதி நடந்ததை விருதுக்கான அரசாங்க அறிக்கையே சொல்கிறது. காலை 8 மணிக்கு, கடுமையான பீரங்கி மாரிக்குப் பிறகு, ஒரு ரெஜிமெண்ட் பாட்டன் டாங்கிகள் தாக்கின. 9 மணிக்குள் அவை நம் முன்வரிசைக்குள் புகுந்துவிட்டன. நிலைமையின் ஆபத்தை உணர்ந்த ஹமீது ஜீப்பைப் பக்கவாட்டில் கொண்டுபோனார். முன்னால் வந்த டாங்கியை அடித்து வீழ்த்தினார். உடனே இடம் மாறினார். இன்னொன்றைக் கொளுத்தினார். அதற்குள் சுற்றியிருந்த டாங்கிகள் அவரைப் பார்த்துவிட்டன. ஜீப்பைக் குறிவைத்து இயந்திரத் துப்பாக்கிகளும் குண்டுகளும் பொழிந்தன. ஹமீது மேலும் ஒரு டாங்கியைக் குறி பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தபோது ஒரு குண்டு அவர்மீது பட்டது.

அந்தக் கடைசி டாங்கியும் அவரும் ஒருவரை ஒருவர் ஒரே சமயத்தில் பார்த்தார்கள், இருவரும் ஒரே சமயத்தில் சுட்டார்கள், இரண்டும் அழிந்தன என்பது படையினரிடையே வழங்கும் செய்தி. எப்படியானாலும் ஒன்று தெளிவு. எதிரி பார்த்துவிட்ட பிறகு அதே இடத்தில் நின்று சுடக்கூடாது என்பது ஹமீதுக்குத் தெரியாததல்ல. சுட்டதும் ஓடவேண்டும் என்ற பாடத்தில் அவர் பட்டாலியனிலேயே கெட்டிக்காரர். ஓடிப் பிழைத்துப் பத்து நிமிஷம் கழித்து வேறு இடத்திலிருந்து சுட்டிருக்கலாம். ஆனால் டாங்கிகள் வரிசைக்குள் வந்துவிட்ட அந்த நேரத்தில், பின்னால் குழிகளில் இருந்த கிரனேடியர்களுக்குப் பத்து நிமிஷம் இல்லை. அவர் நின்றுவிட்டதை ஆவேசம் என்று வர்ணிப்பவர்கள் உண்டு. ஆயுதத்தின் குணத்தை அவ்வளவு அறிந்தவர் கணக்குப் பார்த்தே நின்றிருக்கவேண்டும் என்று கருதத்தான் இடமிருக்கிறது.

சண்டையின் மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிகேடியர் தியாகராஜின் கவசப் பிரிகேடைச் சேர்ந்த செஞ்சூரியன், ஷெர்மன் டாங்கிகள் வளைவின் இரு பக்கத்திலிருந்தும் சுட்டன. மறுநாளோடு பாகிஸ்தானின் அந்தத் தாக்குதல் முறிந்தது. அழிந்ததும் பிடிபட்டதுமாக 97 டாங்கிகள் என்பது இந்தியத் தரப்புக் கணக்கு. பிடிபட்டவற்றை நிறுத்தி வைத்த இடத்துக்கு பாட்டன் நகர் என்று பெயரே வந்துவிட்டது. ஆனால் கேம்கரண் ஊர் செப்டம்பர் 23-ல் போர் நிற்கும்வரை பாகிஸ்தான் கையில்தான் இருந்தது. தாஷ்கண்ட் உடன்படிக்கைக்குப் பிறகே அது திரும்பி வந்தது.

ஹமீது மொத்தம் எத்தனை டாங்கிகளை அழித்தார் என்பதில் நான்கிலிருந்து எட்டுவரை கணக்கு வேறுபடுகிறது. எத்தனை நாள் சண்டையைச் சேர்த்துக் கொள்வது, கைவிட்டுப் போனவற்றையும் எண்ணுவதா என்பதைப் பொறுத்த வித்தியாசம் இது. இதற்காக மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. நாற்பத்தைந்து டன் டாங்கியைத் திறந்த ஜீப்பில் இருந்துகொண்டு ஒரே ஒரு முறை எதிர்த்தவரைக் கேட்டால், நான்கு என்பதே எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று சொல்வார்.

டில்லிக்குப் போன ரசூலன் பீவி

ஹமீதுக்கு பரம வீர சக்கரம் வழங்கும் அறிவிப்பு செப்டம்பர் 16-ந் தேதியே வெளியாயிற்று. அவர் இறந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. போர் இன்னும் நிற்கவில்லை. அந்தப் போரில் இந்த விருது இருவருக்கே கிடைத்தது. மற்றவர் பூனா குதிரைப் படையின் தளபதி தாராபூர். அறிவிப்பு வந்த அதே 16-ந் தேதி சியால்கோட் முனையில் வீழ்ந்தவர்.

1966-ஆம் ஆண்டு குடியரசு தினம் உற்சாகமில்லாத தினமாக வந்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இந்திரா காந்தி பதவி ஏற்று இரண்டே நாள். அன்று டில்லியில், தையற்காரர் மருமகளான ரசூலன் பீவியின் கையில் பரம வீர சக்கரத்தைக் கொடுத்தவர் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன். திருத்தணியில் எளிய குடும்பத்தில் பிறந்து, ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர். ஊதா நாடாவில் தொங்கும் சின்ன வெண்கலப் பதக்கம் அது. நான்கு பக்கமும் இந்திரனின் வச்சிராயுதம் பொறித்திருக்கும்.

பெயர் பரவியது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி தபால் இலாகா அவர் தலையை வெளியிட்டது. ஜீப்பும் பீரங்கியும் அதில் உண்டு. தாமூப்பூரில் நினைவிடம் எழுந்தது. ரசூலன் பீவி கணவருக்குப் பிறகு ஏறக்குறைய 54 வருஷம் வாழ்ந்தார். ஐந்து குழந்தைகளையும் வளர்த்து ஆளாக்கினார். முதுமையிலும் அவர் மனத்தில் இருந்த விஷயம் ஊரில் நடக்கும் நினைவு நாள்தான். 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி நிகழ்ச்சிக்குத் தரைப்படைத் தளபதி பிபின் ராவத்தே வந்து அவரைக் கண்டு மரியாதை செய்தார்.

2019 ஆகஸ்டில் ரசூலன் பீவி காலமானார். ஹமீதின் சமாதி தாமூப்பூரில் இல்லை. ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் அசல் உத்தரில், அவர் பீரங்கி நின்ற வயல்களுக்கு அருகிலேயே அவரைப் பட்டாலியன் அடக்கம் செய்தது. ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 10-ந் தேதி சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் அங்கே கூடுகிறார்கள்.